நெல்லளவு பெரிய புண்

வெட்டுக்காயப்பூண்டிலிருந்து எடுத்த நானோ துகள், தன்னை விழுங்கியவரை அப்படியே விட்டுவிட்டு, ஊரிலேயே மோசமான புண் யாருக்கு இருக்கிறதோ அவரைத் தேடிப்போய் ஆற்றுகிறது என்று தெரிந்துகொள்ள எங்கள் கல்லூரிக்கு ஒன்பது நாள் பிடித்தது. சூரங்குளத்து அதிசயம் என்று இன்றைக்கு அக்கம்பக்கத்து ஊர்களில் இதைச் சொல்கிறார்கள். எனக்கு அதில் அதிசயமாகப் பட்டது ஒன்றே ஒன்றுதான்: எங்கள் துறையில் செய்த ஒரு பொருள் வேலை செய்துவிட்டது.

எங்களுடையது நானோ அறிவியல் துறை. ஆறு பேராசிரியர்களும் ஒரு மிக்ஸியும் இரண்டு அடுப்பும், இவை எல்லாவற்றுக்கும் பின்னால் கழுவித் துடைக்க இருளாயி என்ற அட்டெண்டரும் அதில் உண்டு. இலையைப் பறிப்போம், கொதிக்க வைப்போம், வடிகட்டிய சாற்றில் வெள்ளி உப்பைக் கரைப்போம், மஞ்சள் நிறம் காப்பி நிறமாக மாறியதும் நானோ துகள் பிறந்துவிட்டது என்று கட்டுரை எழுதுவோம், கடைசி வரியில் இது எதிர்காலத்தில் புற்றுநோய்க்கும் பயன்படலாம் என்று சேர்ப்போம், அதைக் காட்டிப் பதவி உயர்வுக்கு மனுப் போடுவோம். அந்த மருந்தால் யாருக்காவது குணமானதா என்று எங்களை யாரும் கேட்டதில்லை, நாங்களும் விசாரித்ததில்லை. வேம்பு, துளசி, முருங்கை, கீழாநெல்லி எல்லாவற்றையும் எங்களுக்கு முன்னாலேயே யார் யாரோ எழுதித் தள்ளிவிட்டதால், எங்களுக்கு மிச்சம் கிடந்தது சாக்கடை ஓரத்தில் சீந்துவாரில்லாமல் முளைக்கும் வெட்டுக்காயப்பூண்டுதான். சின்னப் பூ பூத்து, காய்ந்தால் பஞ்சு விதையாகி, காற்று இழுத்த இழுப்புக்குப் பறந்து எவன் வீட்டுக் கொல்லையிலோ போய் முளைக்கிற செடி அது. அந்தக் குணத்தை நாங்கள் யோசித்திருக்க வேண்டும்.

எங்கள் தாளாளர் ரெங்கமன்னாருக்குச் சர்க்கரை வியாதி. இடது காலில் பெருவிரலுக்குக் கீழே ஒரு புண் எட்டு மாதமாக ஆறாமல் அவரை ஆட்டி வைத்தது. துறை என்று ஒன்றை வைத்துக்கொண்டு இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறீர்களே, என் காலுக்கு ஒரு வழி பண்ண முடியாதா என்று அவர் ஒருநாள் கேட்டார். துறைத்தலைவர் டாக்டர் நவநீதன், தாளாளர் கேட்டால் பகலில் நட்சத்திரம்கூட எண்ணிக் கொடுக்கிறவர், ஒரே மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்றார். மனிதர்களுக்கு ஒரு மருந்தைக் கொடுப்பதற்கு முன் வாங்க வேண்டிய அனுமதிகள் நிறைய உண்டு. இங்கே அனுமதி கொடுக்கிறவரும் தாளாளரே, மருந்து சாப்பிடப்போகிற மனிதரும் தாளாளரே என்பதால் அந்தப் பேச்சே எழவில்லை.

மாத்திரை எப்படி வேலை செய்யும் என்று எழுதிக்கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நாலைந்து கட்டுரைகளிலிருந்து வெட்டி ஒட்டி ஒரு வரி எழுதினேன்: இத்துகள் மிக மோசமான புண் எங்குள்ளதோ அங்கே சென்று, சுமந்து வந்த மருந்தை மெல்ல மெல்ல விடுவிக்கும். உடம்புக்குள்ளே மட்டும் தேடு என்று நான் எழுதவில்லை. மற்ற ஐந்து பேரும் அதைப் படிக்கவே இல்லை, படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். என் கையெழுத்து அதில் ஐந்தாவது.

மருந்து ஒரேயடியாகக் கரைந்துவிடாமல் இருக்க வேலம்பிசினையும் பனைவெல்லப் பாகையும் மேலே பூசினோம். இருபது மாத்திரை தேறியது. அதன் பிறகு நவநீதன் மூன்று முறை முயன்றும் சாறு திரிந்துபோனதே தவிர நிறம் மாறவில்லை. எங்கள் துறையில் எதுவும் இரண்டாம் முறை வராது, அதனால்தான் நாங்கள் எதையும் இரண்டாம் முறை செய்து பார்ப்பதில்லை. இருபதையும் தேக்குமரப் பெட்டி ஒன்றில் போட்டுப் பூட்டிச் சாவியைத் தாளாளர் இடுப்பில் சொருகிக்கொண்டார். தினமும் காலை பத்தரைக்கு, இருளாயி கொண்டுவந்து வைக்கும் சர்க்கரையில்லாத காப்பியோடு ஒன்றை விழுங்கினார்.

ஒன்பது நாள் விழுங்கியும் புண் இம்மியும் ஆறவில்லை. ஒன்பதாம் நாள் இருளாயிதான் விஷயத்தைக் கொண்டுவந்தாள். அவள் குடியிருக்கும் காலனியில் கல்குவாரியில் கால் நசுங்கி ஒரு வருடமாகச் சீழ் வைத்துக் கிடந்த குருவன் முதல் நாள் எழுந்து நடந்தானாம், மறுநாள் பட்டாசு ஆலையில் முதுகு வெந்த பெண்ணாம், அதற்கு மறுநாள் படுக்கையிலேயே கிடந்து இடுப்பு புண்ணாகிப்போன ஒரு கிழவராம், இப்படி ஒன்பது பேர். எல்லாருக்கும் சொல்லிவைத்த மாதிரி காலை பத்தரைக்கு வாய் முதலில் பச்சிலையாகக் கசந்திருக்கிறது, பிறகு கருப்பட்டியாக இனித்திருக்கிறது, அப்புறம் சர்க்கரை போடாத டிகிரி காப்பி ருசித்திருக்கிறது. சூரங்குளத்தில் டிகிரி காப்பியைச் சர்க்கரை போடாமல் குடிக்கிற மனுஷர் ஒருத்தர்தான் என்று இருளாயி சொன்னாள்.

ஊர் அதை வாங்கிக்கொண்ட வேகத்தைச் சொல்ல வேண்டும். மாமழை பெய்தால் குடத்தை எடுத்து வெளியே வைக்கிற மாதிரி அதைப் பிடித்துக்கொண்டார்கள். மறுநாளே பஸ் ஸ்டாண்டில் கருணைக் கடலே என்று தாளாளருக்கு ஃபிளெக்ஸ் ஏறியது, படத்தில் அவருக்கு இரண்டு காலிலும் பளபளவென்று ஷூ. பத்தரை மணிக்குக் கசாப்புக் கடையில் கத்தி நின்றது, சலூனில் பாதி முகத்தோடு ஆட்கள் நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தார்கள், டவுன் பஸ் கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் காப்பி வருகிறதா என்று ஒரு நிமிஷம் காத்திருந்தார். சின்னப் புண்காரர்கள் எப்போது நம் முறை வருமோ என்று கட்டுகளை அவிழ்த்துப்போட்டு ஈ மொய்க்க விட்டார்கள். போன மாதம் வரை புண்ணை மறைத்துப் பெண் கொடுத்த ஊர், இப்போது என் புண் பெரிதா உன் புண் பெரிதா என்று டீக்கடையில் வேட்டியைத் தூக்கிக் காட்டிச் சண்டை போட்டது.

தாளாளருக்கு ஃபிளெக்ஸ் இரண்டு நாள் இனித்தது. மூன்றாம் நாள் ஷூவைக் கழற்றிக் காலைப் பார்த்துவிட்டு, ஊர்ப் புண்ணையெல்லாம் கணக்கெடுத்து வரச்சொல்லி நவநீதனை அனுப்பினார். நவநீதன் வெர்னியர் காலிபரோடு வீடு வீடாகப் போய் அளந்து பட்டியல் போட்டார். ஏற்கெனவே ஆறியதையும் சேர்த்தால், தாளாளருடையதைவிட மோசமான புண் ஊரில் மொத்தம் பத்தொன்பது இருந்திருக்கிறது, அவர் இருபதாவது. மாத்திரையும் இருபது. கடவுளே கையைப் பிடித்து எண்ணிக்கொடுத்த மாதிரி இருக்கிறது, விழுங்கிக்கொண்டே வந்தால் கடைசி மாத்திரை உங்களுக்கு என்று நாங்கள் போய்ச் சொன்னோம்.

அவர் அதற்கு ஒத்துக்கொள்வதற்கு முன் செய்தது, பட்டியலில் தனக்கு முன்னால் மிச்சமிருந்தவர்களைக் கல்லூரி பஸ்ஸில் ஏற்றிக் குற்றாலத்துக்கு இன்பச் சுற்றுலா அனுப்பியது. அவர்கள் எல்லை தாண்டிவிட்டால் ஊரில் பெரிய புண் அவருடையதுதானே. இருளாயியும் அதில் போனாள், அவள் ஆயுளில் போன ஒரே சுற்றுலா அது. பத்தரைக்கு இங்கே மாத்திரை இறங்கியது, அங்கே ஐந்தருவியில் நின்றுகொண்டிருந்த, பட்டியலில் இருந்த ஒரு டிரைவரின் கை ஆறியது. பக்கத்தில் குளித்தவர்கள் அருவித் தண்ணீரைக் கேனில் பிடித்துக்கொண்டு போனார்கள்.

பிறகுதான் ஆடிட்டோரியத்தில் கூட்டம் போட்டோம். குருவன் எழுந்து ஒரு யோசனை சொன்னான். தினம் ஒன்றாக ஒருவரே எதற்கு முழுங்க வேண்டும், யார் முழுங்கினாலும் பெரிய புண்ணுக்குத்தானே போகிறது, ஆளுக்கு ஒன்று கொடுத்தால் காலனிக்காரர்கள் நாங்கள் இப்போதே முழுங்குகிறோம், சாயங்காலத்துக்குள் தாளாளர் அய்யா காலும் ஆறிவிடும் என்றான். இதைவிட நல்ல யோசனையை இந்த ஊர் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை.

பட்டியலில் மேலத்தெருக்காரர்கள் மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒருவர், ரிட்டயர்டு தாசில்தார், புண் வைத்த காலை நாற்காலியில் நீட்டியபடியே சந்தேகம் கேட்டார்: முழுங்குகிறவன் வாய் ருசி நம் வாய்க்கு வருகிறது என்றால், அவன் காலையில் கருவாடு தின்றிருந்தால் என்ன ஆகும்? மருந்தாகவே இருந்தாலும் அது எச்சில்தானே? சபை அந்தக் கேள்வியின் ஆழத்தில் முங்கிப்போனது. தாளாளர் வாயிலிருந்து காலனி வாய்க்கு வந்ததும் எச்சில்தானே என்று குருவன் கேட்டதற்கு, அது மேலிருந்து கீழே வந்தது, அது பிரசாதம் என்று பதில் சொன்னார்கள். காலனி வாயால் ஆறுவதைவிடப் புண்ணோடு இருந்துகொள்கிறோம் என்று மேலத்தெரு தீர்மானம் போட்டது. தீர்மானத்தை எழுதியவன் நான். வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவன், வாயைத் திறக்காமல் குண்டு குண்டான கையெழுத்தில் எழுதினேன்.

ஆக, தாளாளரே விழுங்கினார். காலனிக்கும் மேலத்தெருவுக்கும் மாறி மாறி ஆறிக்கொண்டு வந்தது. தாசில்தாரும் ஒரு நாள் பத்தரைக்குச் சப்புக்கொட்டிவிட்டு எழுந்து நடந்தார். பதினெட்டு முடிந்தது. பெட்டியில் இரண்டு மாத்திரை இருந்தது. அடுத்தது யார் என்று தாளாளர் கேட்டார், நவநீதன் பட்டியலைப் பார்த்து, நம்ம இருளாயி சார் என்றார்.

அவளுக்கும் சர்க்கரைதான், அவளுக்கும் இடது கால்தான், அதே பெருவிரலுக்குக் கீழேதான். பத்து வருடமாக ஈரத் தரையில் நின்று எங்கள் பாத்திரங்களைக் கழுவிய கால் அது. காலிபர் கணக்குப்படி அவள் புண் தாளாளர் புண்ணைவிட ஒரு நெல்லளவு பெரியது. பங்குனிக்குள் ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும், விரலோடு நிற்கும் என்று சொல்ல முடியாது என்று கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரியில் அவளிடம் சொல்லியிருந்தார்கள். நிற்க முடியாத அட்டெண்டரைக் கல்லூரி வைத்துக்கொள்ளாது. புருஷன் இல்லாத வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள் அவள் காலில்தான் நின்றார்கள்.

காப்பியை வைத்துவிட்டு அவள் ஓரமாக நின்றாள். தாளாளர் அவள் காலைப் பார்த்தார்.

"தினம் காப்பி கொண்டாந்து வைக்கிறவளுக்கு நான் மருந்து முழுங்கணுமா?" என்றார். "நாளைக்கு இவ நொண்டாம நடந்து வருவா. நான் நொண்டிக்கிட்டு இங்க உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

"ஒரே ஒரு நாள்தான் சார், நாளைக்கு உங்க முறை" என்றார் நவநீதன்.

"ஒரு நாளும் வேண்டாம்" என்று தாளாளர் பெட்டியைப் பூட்டினார்.

மற்ற பதினெட்டுப் பேருக்கு விழுங்கியவர்தான். அவர்கள் ஊர், இவள் எதிரே நிற்கிறவள், அதுதான் அவருக்கு வித்தியாசம். அன்றைக்கே அவர் வேறு வழி கண்டுபிடித்தார். நெல்லளவுதானே, தன் புண்ணை நெல்லளவுக்கு மேல் பெரிதாக்கிவிட்டால் முறை தனக்கு வந்துவிடும். ஸ்வீட் ஸ்டாலிலிருந்து ஜிலேபி வந்தது. மெத்தை வைத்த ஷூவைக் கழற்றிப்போட்டுவிட்டு, உச்சி வெயிலில் கல்லூரி மைதானத்துச் சரளைக்கல்லில் வெறுங்காலோடு மூன்று சுற்று நடந்தார். பி.டி. மாஸ்டர் குடை பிடித்தார், மாணவர்கள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தார்கள். இருளாயியின் புண் போட்டிக்கு வளர்ந்துவிடக் கூடாது என்று அவளுக்குச் சம்பளத்தோடு ஒரு வாரம் லீவு கொடுத்து வீட்டில் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். அவள் வீட்டில் ஓய்வு என்றால் ஒரு மைல் தூரம் போய்க் குடிதண்ணீர் சுமப்பது, அதனால் அவள் புண்ணும் சளைக்காமல் கூடவே வந்தது. சாயங்காலம் சாயங்காலம் நவநீதன் இரண்டு காலையும் அளந்து ஸ்கோர் சொன்னார்.

நாலாம் நாள், சார் நீங்க முந்திட்டீங்க என்று நவநீதன் ஓடிவந்தார். தாளாளர் நம்பவில்லை, இன்னும் ஒரு நெல்லளவு போகட்டும், அப்புறம் முழுங்குவோம் என்றார். ஆறாம் நாள் விரல் கறுத்தது. ஏழாம் நாள் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டுத்தான் திருப்பி அனுப்பினார்கள்.

ஒரு மாதம் கழித்துச் சக்கர நாற்காலியில் வந்து உட்கார்ந்தார், மடியில் தேக்குப் பெட்டி. வெட்டிய இடம் கூடவில்லை, கசிந்துகொண்டே இருந்தது. இப்போது ஊரிலேயே பெரிய புண் யாருடையது என்று சின்னப்பிள்ளை சொல்லும். ஆனாலும் அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், என்னைவிட மோசமாக யாருக்கும் இல்லையே, வெளியூரிலிருந்து யாரும் வந்து தங்கியிருக்கவில்லையே என்று கேட்டார். லாட்ஜில் வந்து தங்குகிறவர்களின் காலைப் பார்த்துவிட்டு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். எல்லாரும் இல்லை என்றோம். நாங்கள் அவருக்கு வாழ்நாள் முழுக்க இல்லை என்றும் ஆமாம் என்றும் அவர் விரும்பியபடியே சொல்லி வந்தவர்கள், எங்களை அவர் எப்படி நம்புவார்?

பங்குனி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. இருளாயி காப்பியை வைத்துவிட்டு அன்றைக்குப் போகாமல் நின்றாள்.

"அய்யா, முழுங்கிருங்கய்யா" என்றாள். "மொத மாத்திரை ஒங்களுக்குத்தான் வரும். எனக்கு ரெண்டாவது போதும்."

அவர் அவளை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "என் காலு மேல ஒனக்கு என்ன இவ்வளவு அக்கறை? மொதல்ல எனக்குன்னு நீயே வந்து சொல்றன்னா, அது ஒனக்குத்தான் வரும்னு அர்த்தம்."

"ஒங்க புண்ணுதான்யா பெருசு. கண்ணால பாக்கோம்ல."

"போயி பாத்திரத்தைக் கழுவு" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். அவள் நொண்டியபடி போனாள். நான் அந்த அறையில்தான் இருந்தேன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் இன்க்ரிமெண்ட் ஃபைல் அவர் மேஜையில் இருந்தது.

இரண்டு நாள் கழித்து அதே ஃபைலுக்காக மத்தியானம் போனேன். அவர் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். ஜன்னலிலிருந்து சுவர் வழியாக இறங்கி, நாற்காலிக் கம்பியில் ஏறி, வேட்டி மடிப்பைக் கடந்து, பெட்டியின் சாவித்துவாரத்துக்குள் செவ்வெறும்பு சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தது. பனைவெல்லம் பூசியது நாங்கள்தானே. உள்ளே போனதும் வெளியே வந்ததும் வரிசை மாறாமல், யார் புண் யார் வாய் என்று சபை கூட்டாமல், எச்சில் பார்க்காமல், அந்தச் சின்ன உயிர்கள் இந்த ஊரில் ஒருவரும் செய்யத் துணியாத காரியத்தைச் செய்துகொண்டிருந்ததை நான் நின்று பார்த்தேன்.

தாளாளர் தூக்கத்திலேயே சப்புக்கொட்டினார், வாயெல்லாம் மண்ணாக இருக்கிறதே என்று எழுந்தார். கட்டுக்குள்ளே கால் நமநமத்தது. அவிழ்த்துப் பார்த்தால் வெட்டிய இடம் வழுவழுவென்று கூடியிருந்தது. அடுத்த கால்மணி நேரத்தில், கீழே பாத்திரம் கழுவும் தொட்டியருகே இருளாயி தூவென்று மண்ணைத் துப்புகிற மாதிரி துப்பிவிட்டுக் குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

தாளாளர் பெட்டியைத் திறந்தார். அது காலி. புண் ஆறிய சந்தோஷம் அவருக்கு வரவே இல்லை. திருடிவிட்டார்கள், என் மாத்திரையைத் திருடிவிட்டார்கள் என்று கத்திய கத்தலில் இரண்டாம் மாடி வகுப்பு கலைந்தது.

விசாரணைக் கமிட்டி போட்டார்கள், ஐந்து பேர், நவநீதன் தலைவர், நானும் உண்டு. தாளாளரின் கால் மதுரை டாக்டர்களின் கைராசியால் ஆறியது என்று முதலிலேயே பதிவு செய்துகொண்டோம். பிறகு இருளாயியைக் கூப்பிட்டுக் காலைக் காட்டச் சொன்னோம். வடுகூட இல்லை. மாத்திரை தின்னாமல் இது எப்படி ஆறும், ஆதாரம் உன் காலிலேயே இருக்கிறதே என்றார் நவநீதன். எறும்பு தின்றிருக்கும் சார், எனக்கு மண் ருசிதான் வந்தது, காப்பி வரவில்லை என்று அவள் சொன்னதற்குக் கமிட்டி சிரித்தது. எறும்பைப் பார்த்தவன் அங்கே ஒருவன்தான், அவன் நடவடிக்கைகளைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான்.

அவள் எங்கள் ஐந்து பேரையும் ஒரு முறை பார்த்தாள்.

"அய்யா காலும் அதே நாள்தான் ஆறியிருக்கு" என்றாள். "அப்ப அவரும் திருடுனாரா சார்?"

ஒழுங்கீனமான பேச்சு என்று எழுதச் சொன்னார் நவநீதன். எழுதினேன். வேலையை விட்டு நீக்கும் பரிந்துரையில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டோம். என்னுடையது ஐந்தாவது.

அவள் வெளியே போவதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். அந்தக் காலை நொண்டாமல் ஊன்றி அவள் நடந்து நான் பார்த்ததே இல்லை, அவ்வளவு உயரமானவள் என்றுகூட எனக்கு அதுவரை தெரியாது. மைதானத்தைக் கடந்து, சாக்கடை ஓரத்தில் குனிந்து எதையோ பறித்துப் பையில் போட்டுக்கொண்டு கேட்டுக்குப் போனாள். கீழே சக்கர நாற்காலியிலிருந்து தாளாளர், பையைப் பார்த்துவிட்டு அனுப்பு என்று வாட்ச்மேனுக்குச் சத்தம் போட்டார். வாட்ச்மேன் பையைக் கொட்டினான். ஒரு தூக்குவாளியும் ஒரு கைப்பிடி வெட்டுக்காயப்பூண்டும் இருந்தன. பக்கத்து வீட்டுப் பிள்ளை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்திருக்கிறது, அரைத்துக் கட்ட வேண்டும் என்று அவள் சொன்னாள். பூண்டு கல்லூரிச் சொத்து என்று வாட்ச்மேன் அதை வாங்கி வைத்துக்கொண்டு, தூக்குவாளியை மட்டும் திருப்பிக் கொடுத்தான்.